ஷெட்லாந்துத் தீவுகளில் நடப்பதற்கு: காற்றைப் பார்த்து வழியைத் தேர்வது

கடலூர் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வீராம்பட்டினத்திலும் மீனவர்கள் படகைக் கடலில் இறக்கும் முன் வீசுவது வாடையா, கச்சானா, கொண்டலா என்று பார்த்த பிறகே அன்றைய போக்கை முடிவு செய்கிறார்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஏறத்தாழ 60 பாகை வட அட்சரேகையில், நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாகப் பரந்து கிடக்கும் ஷெட்லாந்தில் நடக்க விரும்புவோரும் இந்த முறையையே கைக்கொள்ள வேண்டும். அங்கே எந்த இடத்தில் நின்றாலும் கடல் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்குள் இருக்கும்; மரங்கள் மிக அரிது என்பதால் காற்றைத் தடுப்பதற்கு எதுவும் இல்லை. திங்கட்கிழமை இந்த முனை, செவ்வாய்க்கிழமை அந்தத் தீவு என்று ஊரிலேயே நாள்வாரியாக எழுதிக்கொண்டு புறப்படுவது நம்மவர் வழக்கம். ஷெட்லாந்துக்கு அது உதவாது. செல்ல விரும்பும் வழிகளை மட்டும் குறித்துக்கொண்டு, எந்த நாளில் எந்த வழி என்பதை அன்று காலை வானிலை அறிக்கையைப் பார்த்துத் தீர்மானிப்பதே சரி.

முதலில் பருவத்தை முடிவு செய்ய வேண்டும். கடலூரில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதமும் அதைத் தொடரும் ஜூன் மாதமும் அங்கே ஆண்டிலேயே மழை குறைந்த காலத்தைச் சேர்ந்தவை; பள்ளி விடுமுறையும் அதனோடு பொருந்தி வருவது நமக்கு நல்வாய்ப்பு. நம் ஊரில் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரத்துக்கும் பதின்மூன்று மணி நேரத்துக்கும் இடையில்தான் மாறுகிறது. அங்கே ஜூன் இறுதியில் சூரியன் ஏறத்தாழ 19 மணி நேரம் வானில் இருக்கும். மறைந்த பிறகும் முழு இருள் வருவதில்லை, அந்தி வெளிச்சமே விடியல் வரை நீள்கிறது. மாறாக, டிசம்பர் இறுதியில் பகல் 6 மணி நேரம் கூட இருப்பதில்லை. வடதுருவ ஒளியைக் காணவும், ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை லெர்விக் நகரில் நடக்கும் அப் ஹெல்லி ஆ என்னும் தீப்பந்தத் திருவிழாவைக் காணவும் குளிர்காலம் ஏற்றது. நீண்ட நடைக்கு ஏற்றதன்று.

2011 டிசம்பர் 30 அன்று நம் கரையைக் கடந்த தானே புயலைக் கண்டவர்களுக்குக் காற்றின் வலிமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்று அங்கே குளிர்காலத்தில் அடிக்கடி வீசுவது. கோடையிலும் சில நாள்களில் வரும். மேற்கிலிருந்து பலத்த காற்று அடிக்கும் நாளில், பழைய எரிமலையைக் கடல் அறுத்து நிறுத்திய, மேற்குக் கரையிலுள்ள எஷனெஸ் பாறை விளிம்பில் நடக்கக் கூடாது; அலைகள் மோதுவதைக் கலங்கரை விளக்கத்தின் அருகே தள்ளி நின்று பார்த்துவிட்டு, கிழக்குக் கரையில் மறைவான வழி ஒன்றுக்குப் போய்விடலாம். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் மேற்குக் கடல் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பி விளிம்புக்குச் செல்வது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் திடீரென வலுக்கும் காற்று ஆளை வெளிப்புறமாகத் தள்ளும். சென்ற வழியே திரும்ப வேண்டிய நடை என்றால், முற்பாதியில் எதிர்க்காற்றும் பிற்பாதியில் முதுகுக் காற்றும் அமையுமாறு திட்டமிடுவது களைப்பை வெகுவாகக் குறைக்கும்.

தொடக்கத்துக்கு என் பரிந்துரை புனித நினியன் தீவு. பெருந்தீவையும் அதையும் ஏறத்தாழ 500 மீட்டர் நீள மணற்பாலம் இணைக்கிறது. இருபுறமும் கடல், நடுவே நாம். கடலூர் வெள்ளி மணற்கரையில் நடந்து பழகிய கால்களுக்கு அது புதிதன்று. குளிர்காலப் புயலோடு ஓதம் உயரும்போது நீர் அந்த மணலை மூடுவதுண்டு என்பதால் ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1958இல் பள்ளி மாணவர் ஒருவர் அங்கிருந்த பழைய தேவாலய அகழாய்வில் கண்டெடுத்த வெள்ளிப் புதையல் இப்போது எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்தது, மக்கள் வாழும் வடகோடித் தீவான அன்ஸ்டில் உள்ள ஹெர்மனெஸ். யெல் தீவைக் கடந்து இரண்டு படகுகளில் செல்ல வேண்டியிருப்பதால் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். ஏப்ரலில் கரைக்கு வந்து ஆகஸ்டுத் தொடக்கத்தில் கடலுக்குத் திரும்பிவிடும் பஃபின் பறவைகளும் ஆயிரக்கணக்கான கன்னெட் என்னும் கடற்பறவைகளும் அங்கே கூடு கட்டுகின்றன. மேட்டு நிலத்தில் முட்டையிடும் பெரிய ஸ்குவா என்னும் கடற்பறவை, கூட்டுக்கு அருகே வருவோரின் தலையை நோக்கிப் பாயும். கைத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி, ஓடாமல், வந்த பாதையிலேயே விலகிச் சென்றால் போதும். 2022இல் பறவைக் காய்ச்சலால் இந்த இனம் அங்கே பேரளவில் மடிந்தது. எஞ்சியவற்றைத் தொந்தரவு செய்யாமல் பலகைப் பாதையை விட்டு இறங்காதிருப்பது நம் கடமை. நீண்ட நடை இயலாத முதியோருக்குத் தென்முனையில் 1821இல் கட்டப்பட்ட சம்பரோ கலங்கரை விளக்கம் ஏற்றது. சுவருக்கு அப்பாலேயே பஃபின்களைக் காணலாம்.

உடையில் நம் பழக்கம் அங்கே எதிராக வேலை செய்யும். வியர்வையை உறிஞ்சி நமக்கு இதம் தரும் பருத்தி, அங்கே நனைந்தால் காயாமல் உடற்சூட்டைப் பறித்துவிடும். ஜூலையில் கூடப் பகல் வெப்பம் பெரும்பாலும் 15 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும் என்பதால் உள்ளே கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத மேற்சட்டை, கணுக்காலை மூடும் நீர்புகாக் காலணி ஆகியவை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடந்து அந்த மேற்சட்டையைச் சோதித்துவிடலாம். புயல் எச்சரிக்கை நாள்களில் மட்டும் வேண்டாம். காலணியைப் பழக்கவும் ஏற்ற இறக்கத்துக்குக் கால்களைத் தயார் செய்யவும் செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு வாரம் ஒருமுறை ஏறி இறங்குவது நல்ல பயிற்சி. பருப்புப் பொடி எடுத்துச் செல்லலாம். பால் பொருள் என்பதால் நெய்யைப் பிரிட்டனுக்குள் கொண்டுசெல்ல அனுமதியில்லை.

அபர்டீன் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பல் 12 முதல் 14 மணி நேரத்தில் லெர்விக்கை அடைகிறது. பேருந்துகள் குறைவு, நம் ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு வாடகைக் கார் ஓட்டலாம், அங்கும் இடப்பக்கப் போக்குவரத்தே. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலங்களில், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் நடக்கலாம். ஆட்டு மந்தைகளின் வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்ல வேண்டும். மக்கிய கரிய சதுப்பு மண்ணில் பளிச்சென்று பச்சையாகத் தெரியும் பாசித் திட்டுகளை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும், அடியில் நீர் தேங்கியிருக்கும்.

கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது. எந்த வழியில் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதைத் தங்குமிடத்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். ஆபத்தில் 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேட்க வேண்டும். திரும்பியதும் வந்துவிட்டோம் என்று முதலில் தங்குமிடத்தாரிடமே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அவர்கள் தேடுவதற்கு ஆள் அனுப்பிவிடக் கூடும்.