ஏனியட்டின் வரலாற்றுப் பின்னணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராய் நகரம் வீழ்ந்தபின் இத்தாலிக்குச் சென்ற ஏனியாஸின் கதையைச் சொல்லும், ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஏனியட் காவியத்தைச் சிறு குழுவாகச் சேர்ந்து சில ஆண்டுகளாக வாசித்து வருகிறோம். புதிதாகச் சேர்வோர், முன்பு நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதத் துணிந்தேன். பெயர்க் குழப்பங்கள் படிக்கப் படிக்கத் தாமாகத் தெளியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏனியாஸை வெர்ஜிலின் கற்பனை என்று கொள்வது

தந்தையைத் தோளில் சுமந்துசெல்லும் ஏனியாஸின் உருவத்தை, இக்காவியம் தொடங்கப்படும் முன்பே ஜூலியஸ் சீசர் வெள்ளி நாணயத்தில் பொறித்துவிட்டார்.

பின்னால் நடந்ததை முன்னால் வைத்துப் படிப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். "பேரரசின் பொற்காலத்தில் அகஸ்டஸைப் புகழ எழுதப்பட்ட அரசவைக் காவியம்" என்று முதல் நாளிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14 வரை ஆண்டார் என்பது நமக்குத் தெரியும், கி.மு. 19இல் இறந்த வெர்ஜிலுக்குத் தெரியாது. கி.மு. 70இல் பிறந்த அவர், சீசர் ரூபிக்கன் ஆற்றைக் கடந்த கி.மு. 49 முதல் ஆக்டியம் கடற்போர் நடந்த கி.மு. 31 வரை, ரோமானியர் ரோமானியரைக் கொன்ற போர்களின் நடுவே வாழ்ந்தவர்; பிலிப்பிப் போருக்குப் பின் படைவீரர்களுக்காக நிலங்கள் பறிக்கப்பட்டபோது அவருடைய மாண்டுவா வட்டாரமும் தப்பவில்லை. காவியம் உருவாகிக்கொண்டிருந்த கி.மு. 23இல் அகஸ்டஸ் கடும் நோயில் விழுந்து, தம் முத்திரை மோதிரத்தைத் தளபதி அக்ரிப்பாவிடம் ஒப்படைத்தார். அவர் பிழைத்தெழுந்த அதே ஆண்டில், வாரிசாகக் கருதப்பட்ட இளைஞன் மார்செல்லஸ் இறந்தான். ஆறாம் காண்டத்தில் ரோமின் வருங்கால வீரர்களின் பெருமிதமான அணிவகுப்பு அந்த இளைஞனுக்கான இரங்கலில் வந்து முடிவது அதனால்தான். கிடைத்த அமைதி நிலைக்குமா என்று அறியாதவரின் எழுத்து அது.

இதை உணராமல் நான் முன்பு ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். உயிர்ப்பிச்சை கேட்கும் எதிரி டர்னஸை ஏனியாஸ் சினம் பொங்கக் கொல்வதோடு காவியம் முடிகிறது. வெற்றி விழாவோ முடிசூட்டலோ இல்லை. அந்த இறுதி வரிகள் என் வாதத்துக்குள் அடங்கவில்லை என்பதற்காக அவற்றைப் பற்றி எழுதாமலே விட்டேன். பல மாத உழைப்பு வீணானது. முழுவதையும் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

டைடோவின் காதலை வரலாறாக நம்புவது

மரபுக் கணக்கின்படி டிராய் வீழ்ந்தது கி.மு. 1184, கார்த்தேஜ் நிறுவப்பட்டது கி.மு. 814. டிராய் வீரன் ஏனியாஸும் கார்த்தேஜ் அரசி டைடோவும் சந்தித்திருக்க வழியே இல்லை. ஆயினும் தன் எலும்புகளிலிருந்து பழிவாங்குவோன் ஒருவன் எழட்டும் என்று டைடோ சபிக்கும்போது, ரோமானிய வாசகர் ஒவ்வொருவருக்கும் ரோமை எதிர்த்துப் போரிட்ட கார்த்தேஜ் தளபதி ஹனிபால் நினைவுக்கு வந்திருப்பான். ஆகவே அந்த இடத்தில் கி.மு. 146இல் கார்த்தேஜ் அழிந்தது வரையிலான போர்களை அறிந்துகொண்டு படியுங்கள்.

பாதியில் நிற்கும் வரிகளுக்கு மறைபொருள் தேடுவது

வேண்டாம். திருத்தி முடிக்கும் முன்பே கவிஞர் பிருண்டிசியத்தில் இறந்துபோனார்.