இராசவள்ளியா, காட்டு ரோசாவா? கொழும்பு மதிலில் கொடி ஏற்றுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ துண்டு வளவும் வெறும் மதிலும் உள்ள வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவராவது, "இதிலே ஏதாவது கொடி ஏற்றிவிடலாமே" என்று சொல்லாமல் போகமாட்டார். அப்புறம் இரண்டு யோசனைகள் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இராசவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டை ஊன்றலாம் என்பார் அம்மம்மா. லண்டனில் இருக்கும் சித்தி வேலியோரக் காட்டு ரோசாவைப் படம் பிடித்து அனுப்பியிருப்பார். அதுதான் வேண்டும் என்பார்கள் பிள்ளைகள். உடனே இலை அழகு, பூ அழகு, எது சீக்கிரம் மதிலை மூடும் என்று ஒப்பீடு தொடங்கிவிடும். இந்த இரண்டு செடிகளும் வருடத்தில் ஒரு காலம் ஓய்வெடுப்பவை. அந்த ஓய்வை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் பார்த்தவரை முக்கால்வாசித் தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

இராசவள்ளியின் ஓய்வு அதன் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. சித்திரை மழையோடு ஊன்றினால் எட்டு முதல் பத்து மாதம் வளரும். மார்கழி, தை அளவில் இலை மஞ்சளாகி, கொடி அடிவரை காய்ந்துவிடும். முதன்முறை நடுகிறவர்கள் இதைப் பார்த்துப் பதறி, தண்ணீர் போதவில்லை என்று வாளி வாளியாக ஊற்றுகிறார்கள், பசளையும் போடுகிறார்கள். முற்றிய கிழங்கு ஈர மண்ணில் கிடந்து அழுகுவதுதான் மிச்சம். கொடி காய்ந்தால் கிழங்கு தயார் என்று அர்த்தம், தோண்டி எடுக்க வேண்டியதுதான். எடுத்த கிழங்கைக் காற்றோட்டமான நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் அசையாமல் கிடக்கும். தண்ணீர் தெளித்தாலும் முளைக்காது. நேரம் வந்ததும் யாரும் கேட்காமலே முளை விடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எதிர்வீட்டு ஜன்னலை மறைக்கவென்று இராசவள்ளி நடுகிறவர்கள், வருடத்தில் மூன்று நான்கு மாதம் அங்கே வெறும் கயிறு மட்டும்தான் தொங்கும் என்பதை யோசிப்பதில்லை. வருடம் முழுக்க மறைப்பு வேண்டுமென்றால் இது அதற்கான கொடி இல்லை.

காட்டு ரோசாவின் கதை இதற்கு நேர் எதிர். சித்தி அனுப்பிய படத்தில் இருப்பது பெரும்பாலும் கனினா என்ற இனம். ஐரோப்பா, மேற்கு ஆசியா, வடமேற்கு ஆப்பிரிக்கா இதன் சொந்த இடங்கள். குளிரில் இலை உதிர்த்து, வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் ஒரு தடவை பூத்து முடிக்கும். ஓய்வெடுக்கச் சொல்வதும் எழுப்பிவிடுவதும் குளிர்தான். கொழும்பில் இராத்திரி வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். வேர் பிடிக்கலாம், நீளமாகக் கிளையும் விடலாம், பூக்கத்தான் தயங்கும். போதாததற்கு, வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. ரோசாவின் கரும்புள்ளி நோய்ப் பூஞ்சைக்கு இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தாலே போதும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அந்தச் சில மணி நேரம் ஒவ்வொரு நாளும் கிடைத்துவிடும். அடியிலைகளில் ஓரம் பிசிறிய கறுப்புப் பொட்டுகள், சுற்றி மஞ்சள், பிறகு மொட்டைத் தண்டு. மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் இருந்தால் அதையாவது விட்டுவிடுங்கள். காலையில், அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

"நுவரெலியாவில் வளருதே" என்பார்கள். வளரும். ஹக்கல பூங்காவில் ரோசாத் தோட்டமே இருக்கிறது. ஆனால் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், பம்பலப்பிட்டி கடலோரம். சுற்றுலா போய்த் திரும்பும்போது வான் வண்டியில் வைத்துக் கொண்டுவரும் கன்றுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்காது.

காட்டு ரோசா எல்லாமே குளிர்நாட்டுச் செடி என்று முடிவுகட்டுவதும் தவறு. கிளினோஃபில்லா என்று ஒன்று வங்காளத்துச் சதுப்பு நிலங்களில், வேர் தண்ணீரில் நிற்க நிற்க வளர்வது. கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதியர் இதை மற்ற ரோசாக்களோடு கலப்பினம் செய்து வெப்ப நாடுகளுக்கு ஏற்ற ரோசாக்களை உருவாக்கினார்கள். அந்த வழிவந்த கன்று ஒன்று கைக்குக் கிடைத்தால் கனினாவை யோசிக்கவே வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், காட்டு ரோசா வேண்டும் என்று தேடுகிற பலர் வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கக்கூடும். கடையில் வாங்கும் ரோசா பெரும்பாலும் ஒட்டுக்கன்று. மேலே பெரிய பூ தரும் இனம், கீழே முரட்டு வேர் கொண்ட ஒரு காட்டினம். உலகெங்கும் அப்படி அடிச்செடியாகப் பயன்படுவதில் மல்டிஃப்ளோராவும் ஒன்று. ஒட்டுக்குக் கீழே, தண்டு வீங்கினாற்போல இருக்கும் இடத்துக்கும் கீழே, மண்ணோடு ஒட்டி வெளிர்பச்சையாக ஒரு தளிர் கிளம்பும். மற்றக் கிளைகளை விட வேகமாக ஓடும். இலையும் சிறுத்து, ஒரு காம்பில் ஏழு, ஒன்பது என்று இருக்கும். "ஆகா, செடி நன்றாகத் துளிர்க்கிறது" என்று மகிழ்ந்து விட்டுவைத்தால், ஒரு வருடத்தில் வாங்கிய ரோசா செத்து, அடிச்செடி மட்டும் நிற்கும். கத்தரியால் நுனியை வெட்டினால் இரண்டாகக் கிளைக்கும். மண்ணை விலக்கி, தளிர் தொடங்கும் இடத்தில் பிடித்துப் பிய்த்தெடுக்க வேண்டும்.

இனி ஏறும் விதம். இராசவள்ளித் தண்டைத் தொட்டுப் பாருங்கள்: நான்கு மூலை, மூலைக்கு ஒரு மெல்லிய சிறகு ஓடும். அந்தத் தண்டே கம்பைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஒரு நீளக் கம்போ, மேலே கட்டிய கயிறோ, ஓரத்தில் நிற்கும் சீமைக்கிளுவையோ போதும். ரோசாவுக்குச் சுற்றத் தெரியாது. வளைந்த முள்ளைப் பக்கத்துச் செடியில் கொளுவிச் சாய்ந்துகொள்வது மட்டுமே அதன் வித்தை. மதிலில் கம்பி அடித்து, நாம்தான் கிளையைப் படுக்கையாக வளைத்துக் கட்ட வேண்டும். வெறும் மதிலடியில் நட்டுவிட்டு "ஏறவில்லையே" என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பந்தலில் விடுவது அதைவிடப் பெரிய பிழை. ஆடிக்குள் இராசவள்ளியின் அகன்ற இலைகள் ரோசாவை மூடி வெயிலை முழுக்கப் பறித்துவிடும். தப்பிப் பிழைத்தாலும், தை மாதம் கிழங்குக்காக அலவாங்கு போடும்போது ரோசாவின் வேர் அறுபடும். குறைந்தது இரண்டு மீற்றராவது தள்ளி நடுங்கள்.

கிழங்கு நடுவதில் உள்ள தவறுகள் எளிதில் திருத்தக் கூடியவை. துண்டு கால் கிலோ அளவிலாவது, தோலோடு இருக்க வேண்டும். வெட்டுவாயில் சாம்பல் தடவி ஒருநாள் நிழலில் உலர விட்டு ஊன்றுங்கள். நிரப்பிய தாழ்நிலங்களில் கிடங்கு வெட்டினால் தண்ணீர் நிற்கும், அங்கே மண்ணை மேடாகக் குவித்து நடுவதே சரி. யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் மதமதவென்று வரும், கிழங்கு வராது. தோல் சீவும்போது கை அரிக்கும், முதலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சிய ஊதா நிற இராசவள்ளியைச் சாப்பிட்டவர்கள் அந்த அரிப்பைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் ஒன்று: வேலியோரம் தானாக முளைத்த வள்ளிக் கொடியைத் தோண்டிச் சாப்பிடாதீர்கள். காட்டு இனங்களில் நஞ்சுள்ளவையும் இருக்கின்றன.

இரண்டையும் கட்டுப்பாடின்றி விடவும் கூடாது. இராசவள்ளிக் கொடியில் தொங்கும் சிறு காய்க்கிழங்குகள் விழுந்த இடத்தில் முளைக்கும். அமெரிக்காவின் புளோரிடாவில் இது ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் இருக்கிறது. மல்டிஃப்ளோராவை 1930களில் அமெரிக்க அரசே மண்ணரிப்பைத் தடுக்க நடச்சொல்லி ஊக்குவித்தது. பிறகு பல மாநிலங்கள் அதைத் தீய களையாக அறிவித்தன.

சித்தியிடம் விதையோ தண்டோ கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிச் செடிகொடிகளைப் பயணப்பெட்டியில் வைத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்க முடியாது. நோயும் பூச்சியும் கூடவே வந்துவிடும் என்பதற்காகத்தான் இந்தக் கெடுபிடி. முறைப்படி விதை வந்தாலும், சில மாதம் குளிரில் கிடக்காமல் அது முளைக்காது. ஃபிரிட்ஜில் வைத்து முளைக்கச் செய்துவிடலாம், வளர்ந்த செடி கேட்கும் குளிருக்கு எங்கே போவது?

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ரோசாவென்றால் ஒரு பெரிய சாடி, இராசவள்ளியென்றால் மண்ணும் கூட்டெருவும் கலந்து நிரப்பிய உரச்சாக்கு. பல்கனியில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். சாக்கை மூலையில் ஒட்டி வைக்காமல், அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினால் தண்ணீர் வடியும். சாடிக்குக் கீழே தட்டு வைப்பதானால் அதை மணலால் நிரப்புங்கள், அல்லது தட்டே வேண்டாம். அதில் தேங்கும் தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும், 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரர்மேல் வழக்கும் போடலாம்.