சிக்கன் ஸ்கீமில் எக் நிறுவுவதும், சொந்தமாக ஒன்று கட்டுவதும்

ஸ்கீம் நிரல்மொழியின் ஒரு வடிவமான சிக்கன் ஸ்கீமின் ஐந்தாம் பதிப்பை நிறுவிவிட்டு, ஒரு பட்டியலில் ஒற்றைப்படை எண்களை மட்டும் எடுக்க ஃபில்டர் என்று தட்டினால், 'அன்பவுண்ட் வேரியபிள்', அதாவது அப்படி ஒரு பெயரே தெரியாது என்று பதில் வரும். நிறுவலில் கோளாறு எதுவும் இல்லை. 2018 நவம்பரில் வந்த 5.0 முதல், முன்பு உள்ளேயே இருந்த பல நூலகங்களை வெளியே எடுத்து எக் ஆக்கிவிட்டார்கள். கோழியின் பெயர் கொண்ட மொழிக்கு நீட்சி நூலகம் முட்டைதானே. யார் வேண்டுமானாலும் எக் எழுதலாம், அவரவர் களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நிறுவும் கருவி தேடிப் பிடித்துக் கொண்டுவந்துவிடும்.

தொடங்குமுன் எழுத்துமுறை பற்றி ஒன்று. கட்டளைகளையும் நிரலையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் போகும்; "தமிழ்" போல இரட்டை மேற்கோளுக்குள் வரும் தமிழ்ச் சொற்கள் மட்டும் தமிழிலேயே இருக்கட்டும். இடைக்கோடு, புள்ளி, கேள்விக்குறி, அடைப்புக்குறி எல்லாம் இங்கே இருப்பது போலவே.

படி 1: கம்பைலர் இருக்கிறதா?

சிக்கன் ஸ்கீம் நிரலை சி மொழியாக மாற்றும், பிறகு சி கம்பைலர் அதை இயந்திர மொழியாக்கும். எக்கும் மூலநிரலாகவே இறங்கி உங்கள் கணினியில்தான் கட்டப்படுகிறது. அதனால் ஜிசிசி அல்லது கிளாங் என்ற சி கம்பைலர் கட்டாயம் வேண்டும். நிரலை நேரடியாக ஓட்டிக்காட்டும் இன்டர்பிரெட்டர் மட்டும் போதும் என்று விட்டவர்களுக்கு முதல் எக்கிலேயே கதவு அடைபடும்.

சிக்கனோடு வரும் கருவிகளில் முக்கியமானவை இரண்டு: சிஎஸ்ஐ என்ற ஊடாடும் முனையம், சிஎஸ்சி என்ற கம்பைலர். சி ஷார்ப் மொழியின் கம்பைலருக்கும் சிஎஸ்சி என்றே பெயர். இந்த மோதலைத் தவிர்க்கச் சில லினக்ஸ் வகைகளில் இவற்றைச் சிக்கன்-சிஎஸ்ஐ, சிக்கன்-சிஎஸ்சி என்று மாற்றி வைத்திருப்பார்கள். சிஎஸ்சி என்று தட்டி, சம்பந்தமே இல்லாத பிழை வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 2: முதல் எக்

சிக்கன்-இன்ஸ்டால் -எஸ் எஸ்ஆர்எஃப்ஐ-1

எஸ்ஆர்எஃப்ஐ-1 என்பது பட்டியல்களைக் கையாளும் நூலகம், ஃபில்டர் இதில்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் -எஸ், நிறுவும் வேலையை மட்டும் நிர்வாகி (ரூட்) உரிமை தரும் சூடோ வழியாகச் செய்யச் சொல்கிறது. அதை விட்டால் எல்லாம் ஒழுங்காகக் கம்பைல் ஆகி, கடைசியில் கோப்பை நகலெடுக்கும்போது அனுமதி இல்லை என்று நின்றுவிடும். முழுக் கட்டளைக்கும் முன்னால் சூடோ போடுவதைவிட -எஸ் நல்லது. வெளியிலிருந்து இறக்கிய நிரலை ரூட் உரிமையோடு கட்டாமல் தப்பிக்கலாம்.

இப்போது சிஎஸ்ஐ-யைத் திறந்து:

(இம்போர்ட் எஸ்ஆர்எஃப்ஐ-1)
(ஃபில்டர் ஆட்? '(1 2 3 4 5))

விடை (1 3 5). பழைய பாடங்களில் இம்போர்ட் இருக்கும் இடத்தில் யூஸ் என்று இருக்கும். அது நான்காம் பதிப்பின் பழக்கம், ஐந்தில் கிடையாது. யூஸ் என்று தொடங்கும் எடுத்துக்காட்டு கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தின் மற்ற விவரங்களையும் சந்தேகத்தோடு படியுங்கள். எக்கை விவரிக்கும் கோப்பின் வடிவமே அப்போது வேறு.

நிறுவாத எக்கை இம்போர்ட் செய்தால் 'கெனாட் இம்போர்ட் ஃப்ரம் அன்டிஃபைன்ட் மாட்யூல்' என்று வரும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் இதே செய்திதான்.

என்னென்ன நிறுவியிருக்கிறது என்று அறிய சிக்கன்-ஸ்டேட்டஸ், நீக்க சிக்கன்-அன்இன்ஸ்டால். ஒரு எக்கை நீக்கினால் அது இழுத்து வந்த துணை எக்குகள் போகாது, அப்படியே கிடக்கும். குறிப்பிட்ட பதிப்புதான் வேண்டும் என்றால் எக் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இட்டுப் பதிப்பு எண்ணைக் கொடுக்கலாம். -லிஸ்ட்-வெர்ஷன்ஸ் கொடுத்தால் கிடைக்கும் பதிப்புகள் தெரியும்.

படி 3: தமிழுக்கு அவசியமான எக்

ஐந்தாம் பதிப்பின் உள்ளார்ந்த சரங்கள் (ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர்கள்) பைட் வரிசைகள். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு இது தெரியவே தெரியாது, நமக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். சிஎஸ்ஐ-யில் போட்டுப் பாருங்கள்:

(ஸ்ட்ரிங்-லெங்த் "தமிழ்")

விடை 15. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோட் குறியெண்கள், ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். சப்ஸ்ட்ரிங் கொண்டு 0 முதல் 1 வரை வெட்டினால் 'த' கிடைக்காது, அதன் மூன்றில் ஒரு துண்டு கிடைக்கும். திரையில் குப்பையாகத் தெரிவது அதுதான். இதற்கு மருந்து:

சிக்கன்-இன்ஸ்டால் -எஸ் யுடிஎஃப்8

புதிதாகச் சிஎஸ்ஐ திறந்து (இம்போர்ட் யுடிஎஃப்8) என்று கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் விடை 5. ஸ்ட்ரிங்-லெங்த், சப்ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங்->லிஸ்ட் போன்ற அதே பெயர்களில், குறியெண்ணை அலகாகக் கொண்ட செயல்களை இந்த எக் தருகிறது. பழையவற்றின் மேல் புதியவை வந்து அமர்ந்துகொள்கின்றன. ஆனால் இம்போர்ட் செய்த மாட்யூலுக்குள் (தனிப் பெயர் கொண்ட நிரல் பகுதிக்குள்) மட்டும். இன்னொரு மாட்யூல் தன் பாட்டுக்கு பைட்டையே எண்ணிக்கொண்டிருக்கும். ஒரே சரத்துக்கு இரண்டு கோப்புகளில் இரண்டு நீளம் வருகிறது என்று குழம்பினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஐந்தும் நமக்குச் சரியான விடை இல்லை. 'தமிழ்' மூன்றெழுத்து. அதை எண்ண ஒரு சிறு எக்கை நாமே கட்டுவோம்.

படி 4: மூன்று கோப்புகள்

எழுத்து என்று ஒரு அடைவு உருவாக்குங்கள். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்களோ அது உங்கள் விருப்பம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே ஸ்பெல்லிங். இதைச் சும்மா சொல்லவில்லை, காரணம் கீழே வருகிறது.

முதல் கோப்பு எழுத்து.எக். இதில் ஓடும் நிரல் எதுவும் கிடையாது, வெறும் விவரம்தான்:

((சினாப்சிஸ் "சொல்லில் உள்ள தமிழ் எழுத்துகளை எண்ணும்")
 (ஆதர் "உங்கள் பெயர்")
 (லைசென்ஸ் "பிஎஸ்டி")
 (கேட்டகரி மிஸ்க்)
 (வெர்ஷன் "0.1.0")
 (டிபெண்டென்சீஸ் யுடிஎஃப்8)
 (டெஸ்ட்-டிபெண்டென்சீஸ் டெஸ்ட்)
 (காம்பொனெண்ட்ஸ்
  (எக்ஸ்டென்ஷன் எழுத்து)))

இரண்டாவது எழுத்து.எஸ்சிஎம், அதாவது நிரல்:

(மாட்யூல் எழுத்து (எழுத்து-எண்ணு)
  (இம்போர்ட் ஸ்கீம் (சிக்கன் பேஸ்) யுடிஎஃப்8)

  (டிஃபைன் (குறியா? சி)
    (லெட் ((எண் (சார்->இன்டிஜர் சி)))
      (ஆர் (<= 3006 எண் 3021)
           (= எண் 3031))))

  (டிஃபைன் (எழுத்து-எண்ணு சொல்)
    (லெட் லூப் ((மீதி (ஸ்ட்ரிங்->லிஸ்ட் சொல்)) (கணக்கு 0))
      (காண்ட்
        ((நல்? மீதி) கணக்கு)
        ((குறியா? (சிஏஆர் மீதி)) (லூப் (சிடிஆர் மீதி) கணக்கு))
        (எல்ஸ் (லூப் (சிடிஆர் மீதி) (+ கணக்கு 1)))))))

யூனிகோடில் தமிழின் துணைக்கால் 3006-இல் தொடங்கி, மற்ற உயிர்க்குறிகளைக் கடந்து, 3021-இல் புள்ளியோடு முடிகிறது. 3031 ஔகாரத்தின் நீளக்குறி. இவை எதுவும் தனி எழுத்தல்ல, முந்தைய மெய்யோடு ஒட்டிக்கொள்பவை. அதனால் இவற்றைத் தாண்டிவிட்டு மற்றதை எண்ணுகிறோம். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகச் சேமித்திருந்தாலும், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமித்திருந்தாலும் கணக்கு 1 தான். ஆய்த எழுத்து 2947, வரம்புக்கு வெளியே இருப்பதால் அதுவும் ஓர் எழுத்தாகச் சேரும். 'க்ஷ' மட்டும் 2 என்று வரும். அதை ஒன்றாக எண்ண விரும்பினால் தனி விதி எழுத வேண்டும். இடைவெளியும் ஒன்றாகவே எண்ணப்படும்.

மாட்யூல் வரியில் அடைப்புக்குள் இருப்பது வெளியே தெரியும் பெயர்கள். குறியா? என்பதை அங்கே சேர்க்காததால் அது உள்ளேயே இருக்கும்.

இம்போர்ட் வரியில் இரண்டு பொறிகள் உண்டு. மாட்யூல் காலியாகத்தான் தொடங்கும், ஸ்கீமை இம்போர்ட் செய்யாவிட்டால் டிஃபைன் கூட அதற்குத் தெரியாது. சிஎஸ்ஐ-யில் ஒழுங்காக ஓடிய நிரல் மாட்யூலுக்குள் போனதும் முரண்டுபிடிப்பது இதனால்தான்: சிஎஸ்ஐ இவற்றை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருக்கும். அடுத்து, யுடிஎஃப்8 கடைசியில் வரட்டும். ஸ்கீமின் ஸ்ட்ரிங்->லிஸ்ட் மேல் அது வந்து அமர வேண்டும் அல்லவா.

மூன்றாவது, டெஸ்ட்ஸ் என்ற உள் அடைவில் ரன்.எஸ்சிஎம்:

(இம்போர்ட் டெஸ்ட் எழுத்து)
(டெஸ்ட் 3 (எழுத்து-எண்ணு "தமிழ்"))
(டெஸ்ட் 1 (எழுத்து-எண்ணு "கொ"))
(டெஸ்ட் 0 (எழுத்து-எண்ணு ""))
(டெஸ்ட்-எக்சிட்)

அடைவின் பெயரும் கோப்பின் பெயரும் இதுவாகவே இருக்க வேண்டும், நிறுவும் கருவி இங்கேதான் தேடும். கடைசி வரியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சோதனை தோற்றாலும் நிரல் வெற்றிக் குறியோடு முடியும், கருவியும் எல்லாம் சரி என்று நம்பிவிடும். எக்குகளை ஒவ்வொன்றாகத் தனிச் சூழலில் நிறுவிச் சோதித்து அறிக்கை தரும் சால்மனெல்லா என்ற கருவியும் இந்த முடிவுக் குறியை வைத்துத்தான் தீர்ப்பு சொல்கிறது. (கோழி முட்டைக்குள் இருக்கும் நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு வேறு என்ன பெயர் வைப்பது!)

படி 5: கட்டுதல்

எழுத்து.எக் இருக்கும் அடைவுக்குள் நின்றுகொண்டு, முதலில் நிறுவாமல் கட்டி மட்டும் பார்ப்போம்:

சிக்கன்-இன்ஸ்டால் -என்

எக் பெயர் கொடுக்காவிட்டால் கருவி நடப்பு அடைவில் உள்ள எக்கை எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் அடைவில் பல புதுக் கோப்புகள் முளைத்திருக்கும். அவற்றில் பில்ட்.எஸ்ஹெச் என்று முடிவதைத் திறந்து படியுங்கள். உங்கள் எக் கோப்பின் விவரங்கள் எந்தெந்தக் கம்பைலர் கட்டளைகளாக மாறின என்பது அதில் வரிவரியாக இருக்கும். ஏதாவது புரியாதபோது இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

பிழையில்லை என்றால்:

சிக்கன்-இன்ஸ்டால் -எஸ் -டெஸ்ட்

நிறுவியபின் சோதனைகள் ஓடும். மூன்றும் தேறினால் வேலை முடிந்தது.

தேறாவிட்டால் கடைசியில் 'ஷெல் கமாண்ட் டெர்மினேட்டட் வித் நான்ஸீரோ எக்சிட் கோட்' என்ற வரி இருக்கும். புதியவர்கள் இதையே பிழை என்று நினைத்துத் தேடத் தொடங்குகிறார்கள். ஒரு கட்டளை தோற்றது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. உண்மையான காரணம் திரையில் சில வரிகள் மேலே இருக்கும், அங்கே போங்கள். அடிக்கடி அங்கே காணக் கிடைப்பவை இரண்டு.

ஒன்று, இம்போர்ட்.எஸ்சிஎம் என்று முடியும் கோப்பைக் காணோம் என்ற புகார். கம்பைலர் அந்தக் கோப்பை மாட்யூலின் பெயரில் உருவாக்குகிறது, நிறுவும் கருவியோ எக்ஸ்டென்ஷன் பெயரில் தேடுகிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இரண்டும் சந்திக்காது. ஸ்பெல்லிங் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான்.

இன்னொன்று, .ஹெச் என்று முடியும் சி தலைப்புக் கோப்பு இல்லை என்பது. எஸ்க்யூலைட்3 எக் போன்றவை ஏற்கெனவே உள்ள சி நூலகத்தின் மேல் போர்த்திய மெல்லிய உறை. சிக்கன்-இன்ஸ்டால் அந்த சி நூலகத்தைக் கொண்டுவராது. இயங்குதளத்தின் தொகுப்பு மேலாளர் வழியாக அதன் மேம்பாட்டுத் தொகுப்பை, அதாவது பெயரின் இறுதியில் பெரும்பாலும் டெவ் அல்லது டெவல் என்று இருப்பதை, நிறுவ வேண்டும்.

ரூட் உரிமை இல்லாத கணினியில்

வீட்டு அடைவுக்குள்ளேயே எக்குகளை வைத்துக்கொள்ளலாம். முதலில் சிக்கன்-இன்ஸ்டால் -ரெப்பாசிட்டரி என்று கேட்டு, இப்போதைய பாதையைக் குறித்துக்கொள்ளுங்கள். 5.3 பதிப்பில் அது சிக்கன்/11 என்று முடியும். 11 என்பது பைனரி ஒத்திசைவு எண். அந்த எண் மாறும் அளவுக்குச் சிக்கனைப் புதுப்பித்தால் எக்குகள் எல்லாவற்றையும் மீண்டும் நிறுவியாக வேண்டும்.

அடுத்து இரண்டு சூழல் மாறிகள், இவை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். சிக்கன்_இன்ஸ்டால்_ரெப்பாசிட்டரி என்பதில் உங்கள் புது அடைவு. சிக்கன்_ரெப்பாசிட்டரி_பாத் என்பதில் அதே அடைவு, ஒரு முக்காற்புள்ளி, பிறகு குறித்துவைத்த பழைய பாதை. இரண்டாவதில் பழைய பாதையை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இந்த மாறி, இருக்கும் பாதையோடு கூடுதலாகச் சேர்வதில்லை, அதன் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. விளைவு: சிக்கனோடு வந்த (சிக்கன் பேஸ்) போன்ற மாட்யூல்களே கண்ணுக்குத் தெரியாமல் போகும். நிரல்களையும் நிறுவும் எக் என்றால் சிக்கன்_இன்ஸ்டால்_ப்ரிஃபிக்ஸ் என்பதையும் அமையுங்கள்.

வேறு கணினிக்கு எடுத்துச் செல்ல

சிஎஸ்சி கொண்டு கம்பைல் செய்த நிரல், ஓடும்போது எக்கின் கோப்புகளைத் தேடும். எக் இல்லாத கணினியில் விழுந்துவிடும். கம்பைல் செய்யும்போது -ஸ்டாட்டிக் என்று சேர்த்தால் எக்கும் நிரலுக்குள்ளேயே போய்விடும்.

மற்றவர்களுக்குக் கொடுக்க

எக்கைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வையுங்கள். கூடவே ரிலீஸ்-இன்ஃபோ என்று முடியும் சிறு கோப்பு வேண்டும். களஞ்சியம் எங்கே, ஒவ்வொரு பதிப்பின் மூலத்தையும் எந்த முகவரியில் இறக்கலாம், எந்தெந்தப் பதிப்புகள் வெளிவந்துள்ளன என்பவை அதில் இருக்கும். இந்தக் கோப்பின் முகவரியைச் சிக்கன் குழுவிடம் ஒருமுறை கொடுத்து எக் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் போதும். பிறகு புதுப் பதிப்புக்கு யாரையும் கேட்க வேண்டாம், ரிலீஸ் வரி ஒன்றைக் கூட்டினால் சேவையகம் தானாக எடுத்துக்கொள்ளும். வரிசை மட்டும் முக்கியம்: முதலில் களஞ்சியத்தில் 0.1.0 என்று டேக் (பதிப்பு அடையாளம்) இட்டுத் தள்ளுங்கள், அதன் பிறகே ரிலீஸ் வரி. தலைகீழாகச் செய்தால், இல்லாத கோப்பைத் தேடிச் சேவையகம் வெறுங்கையோடு திரும்பும்.