இலங்கை அரசியலமைப்பைத் திருத்துவது எப்படி? (150இல் நான் சறுக்கிய கதையோடு)

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் அக்கா மகளுக்கு அரசியல் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் பிரதி. பழைய புத்தகக்கடைப் பிரதி வேண்டவே வேண்டாம். 2015, 2020, 2022 என்று மூன்று தடவை பெரிதாக மாறிவிட்டது. பாராளுமன்ற இணையத்தளத்தில் இருப்பதை எடுத்து, 82, 83ஆம் உறுப்புரைகளை மட்டும் அச்செடுங்கள். போனில் வாசித்தால் மண்டையில் ஏறாது, பென்சிலால் கோடு போட வேண்டும்.

அப்புறம் சட்டமூலம். எந்த உறுப்புரை மாறுகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், நீண்ட தலைப்பிலேயே "அரசியலமைப்பைத் திருத்துவதற்கான சட்டம்" என்று இருக்க வேண்டும். வேறொரு சட்டத்துக்குள் ஒளித்துக் கொண்டுபோக முடியாது. வர்த்தமானி, ஒழுங்குப் பத்திரம் (சபையின் நிகழ்ச்சி நிரல்) எல்லாம் வழமைபோல. ஒழுங்குப் பத்திரத்தில் வந்ததும் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தில் (நாட்டின் அதியுயர் நீதிமன்றம்) மனுப் போடலாம், சபாநாயகருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் சொல்லிவிடும்.

இனி வாக்கெடுப்பு. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் கூட்டத்துக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் கை தூக்கினால் போதும், அதே நினைப்பில் பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன். பிழை! வராதவர்களையும் சேர்த்து மொத்தம் 225 பேரில் மூன்றில் இரண்டு, அதாவது 150. சபையில் 140 பேர் இருந்து 140 பேரும் ஆதரித்தாலும் தோல்விதான், தேத்தண்ணி குடிக்க வெளியே போனவரும் எதிர்த்தவர் கணக்கு. 2020இல் 20ஆம் திருத்தத்துக்கு 156 கிடைத்தது, ஆறு பேர்தான் மிச்சம்.

150 வந்தாலும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1, 2, 3, 6 முதல் 11 வரை, பிறகு இந்த 83ஆம் உறுப்புரையே, இவற்றில் கைவைத்தால் சர்வஜன வாக்கெடுப்பும் (மக்களே நேரடியாக ஆம், இல்லை என்று வாக்களிப்பது) வேண்டும். பட்டியலில் 4 இல்லையே என்று பிள்ளை கேட்டாள், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் வாக்குரிமையும் அடிப்படை உரிமைகளும் மக்களின் இறைமைக்குள் அடங்கும் என்று 3 சொல்கிறது, அந்த இறைமை எப்படிப் பிரயோகிக்கப்படும் என்பது 4இல் இருக்கிறது, அதனால் நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே வாசிக்கும். 2015இல் 19ஆம் திருத்தத்தின் சில வாசகங்களுக்கு இப்படித்தான் சர்வஜன வாக்கெடுப்புத் தேவை என்றார்கள், அரசாங்கம் குழுநிலையில் (சபை வாசகம் வாசகமாகப் பார்க்கும் கட்டம்) அவற்றைக் கழற்றிவிட்டு 212 வாக்குகளோடு நிறைவேற்றியது.

கடைசியில் சபாநாயகர் சான்றுரை இடுவார், சர்வஜன வாக்கெடுப்புக்குப் போனதென்றால் ஜனாதிபதி. அதற்குப் பிறகு எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது.

பிற்சேர்க்கை: அப்படி வாக்கெடுப்பு நடந்திருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு தடவை, 1982 டிசம்பர் 22, பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்க. விளக்குக்குப் போட்டால் ஆம், குடத்துக்குப் போட்டால் இல்லை. எங்கள் பாட்டி எதற்கும் போடவில்லை. 1948இல் சாதாரணச் சட்டம் ஒன்றால் மலையகத் தமிழரிடமிருந்து போன குடியுரிமை அன்றைக்கும் அவர் கைக்கு வந்திருக்கவில்லை.