ஐஸ்லாந்தில் முதல் கார் பயணம்: தெற்குக் கரை மட்டும் போதும்

ஐஸ்லாந்து வரைபடத்தைத் திறந்தால் தீவைச் சுற்றி ஒரே ஒரு சாலை வளையமாக ஓடுவது தெரியும். ஒன்றாம் எண் நெடுஞ்சாலை, சுமார் 1,320 கி.மீ. அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: ஐந்து நாளில் ஒரு முழுச் சுற்று. முதல்முறை போகிறவர்கள் அதைச் செய்ய வேண்டாம். பாதி நேரம் ஸ்டியரிங்கிலேயே போய்விடும். பனியாறும் எரிமலையும்தான் உங்களுக்கு வேண்டும் என்றால், தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து யோகுல்சார்லோன் ஏரி வரைக்குமான 375 கி.மீ. போதும். அதற்கே ஐந்து நாள் வேண்டும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூனில் இரவு என்று ஒன்று கிடையாது, டிசம்பரில் பகல் நான்கைந்து மணி நேரம்தான். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை போங்கள். நீலப் பனிக்குகைப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். இயற்கையான குகைகளுக்குக் குளிர்காலமே பாதுகாப்பான பருவம். 2024 ஆகஸ்டில் வாட்னாயோகுல் என்ற பெரிய பனிக்கவசத்தின் பக்கம் பனி இடிந்து விழுந்து சுற்றுலா வந்த ஒருவர் இறந்துபோனார். கோடையில் குகையை மறந்துவிடுங்கள்.

படி 2: காகிதமும் காரும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. உள்ளூர் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே தருகிறார்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கையில். இத்தனை மாற்றத்தை ஒரே நாளில் சமாளிப்பதைவிட, கொஞ்சம் காசு கூடினாலும் ஆட்டோமேட்டிக் கார் எடுப்பது நல்லது. கோடையில் தெற்குக் கரைக்குச் சாதாரணக் கார் போதும். 'எஃப்' என்று தொடங்கும் மலைச்சாலைகளுக்கு மட்டும்தான் நான்கு சக்கர இயக்கம் கட்டாயம். அந்தப் பக்கம் நாம் போகப்போவதில்லை.

கிரெடிட் கார்டின் நான்கு இலக்கப் பின் எண் நினைவில் இருக்கட்டும். பல பெட்ரோல் பங்குகளில் ஆளே இருக்க மாட்டார்கள், இயந்திரம் அந்த எண்ணைத்தான் கேட்கும்.

படி 3: காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மழை, குளிர் எல்லாம் அப்புறம். இங்கே உங்கள் நாளைத் தீர்மானிப்பது காற்று. நாங்கள் விக் ஊரில் வண்டியை நிறுத்தினோம், நண்பர் சும்மா கதவைத் திறந்தார். காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது. கீல் வளைந்து, அதன்பிறகு கதவு சரியாக மூடவே இல்லை. 'முழு' காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று தைரியமாக இருந்தோம். காற்றில் போன கதவு அதில் சேராது என்று ஒப்பந்தத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது அதைப் படித்திருக்க வேண்டியது நான்தான்.

எனவே வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். காலையில் காப்பி குடிக்கும்போதே ஐஸ்லாந்து வானிலை ஆய்வு மையத்தின் தளத்தையும் சாலை நிலவரத் தளத்தையும் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும். ஆரஞ்சு வந்தால் அறையிலேயே இருங்கள். அவசர உதவிக்கு 112.

படி 4: சாலை விதிகள்

தார்ச்சாலையில் 90, சரளைச்சாலையில் 80, ஊருக்குள் பொதுவாக 50 கி.மீ. வேகம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒற்றைத் தடப் பாலங்கள் நிறைய வரும், யார் பாலத்துக்கு அருகில் வந்துவிட்டாரோ அவருக்கு வழி விடுவது வழக்கம். இரட்டைத் தட ரவுண்டானாவில் உள்தடத்தில் இருப்பவருக்கே முன்னுரிமை, இது நம் பழக்கத்துக்கு வராது. ஆடுகள் சாலையைக் கடக்கும். ஒன்று தாண்டிவிட்டது என்று பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள், குட்டி பின்னாலேயே ஓடி வரும்.

சாலையை விட்டு இறக்கி ஓட்டுவது குற்றம், கடுமையான அபராதம் உண்டு.

படி 5: வழி

முதல் நாள் ரெய்க்யவிக்கிலிருந்து விக் வரை, 190 கி.மீ.க்குள். வழியில் செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் அருவிக்குப் பின்னால் நடந்து போகலாம், முழுக்க நனைவீர்கள். அருவி விழும் அந்தப் பாறைச்சுவர்தான் ஒரு காலத்தில் கடற்கரை. அதற்கு மேலே வெள்ளையாகத் தெரிவது ஏயாஃபியாட்லயோகுல் எரிமலை. 2010 ஏப்ரலில் வெடித்து ஐரோப்பிய விமானங்களை நாள்கணக்கில் தரையிறக்கி வைத்தது இதுதான். விக் அருகே ரெய்னிஸ்ஃபியாரா கறுப்பு மணல் கடற்கரை. அங்கே அலைக்கு முதுகு காட்டாதீர்கள். அமைதியாக இருக்கும் கடல் திடீரென்று ஓர் அலையை மேலே வரை அனுப்பி ஆளை இழுத்துவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு சிவப்பாக இருந்தால் கீழே இறங்கக் கூடாது.

இரண்டாம் நாள் சோல்ஹெய்மாயோகுல் பனியாற்றின் மேல் நடை. விக்கிலிருந்து கொஞ்சம் திரும்பி வர வேண்டும். வழிகாட்டி இல்லாமல் பனியில் கால் வைக்காதீர்கள், வெடிப்புகள் வெளியே தெரியாது. கணுக்காலை மூடும் பூட்ஸ் அவசியம். அதன் அடியில் கிராம்பான் என்ற இரும்பு முள்சட்டத்தை வழிகாட்டிகளே மாட்டிவிடுவார்கள். பாதத்தை முழுதாக, அழுத்தி வைத்து நடக்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. பனி வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். பாதி கறுப்பு, எல்லாம் எரிமலைச் சாம்பல்.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தின் மையம், அதனால் அவசரப்படாமல் ஓட்டுங்கள். விக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பச்சைப் பாசி போர்த்திய லாவா மேடுகள் கண்ணுக்கெட்டும் வரை. 1783 ஜூனில் லாக்கி என்ற எரிமலைப் பிளவு வாய் திறந்து எட்டு மாதம் கக்கிய குழம்பு அது. நச்சு வாயுவில் கால்நடைகள் மடிந்தன, பஞ்சம் வந்தது, நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறந்தார்கள். பாசியை மிதிக்காதீர்கள், மீண்டு வளர பல பத்தாண்டுகள் ஆகும்.

அதற்குப் பிறகு வெறும் கறுப்பு மணல்வெளி, நீண்ட பாலங்கள். ஓடையளவு தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு பெரிய பாலம் என்று தோன்றும். வாட்னாயோகுல் பனிக்கவசத்தின் அடியிலேயே எரிமலைகள் இருக்கின்றன. அவை வெடித்தால் பனி உருகி, தேங்கி, ஒரே நாளில் உடைத்துக்கொண்டு வரும். 1996 நவம்பரில் அப்படி வந்த வெள்ளம் பாலத்தை அடித்துப்போனது. அதன் முறுகிய இரும்பு உத்தரங்களை ஸ்காஃப்டாஃபெல் அருகே சாலையோரம் வைத்திருக்கிறார்கள். இறங்கிப் பக்கத்தில் நின்று பாருங்கள். தீவைச் சுற்றும் சாலை வளையம் 1974 வரை முழுமையாகாமல் கிடந்தது இந்த மணல்வெளியால்தான்.

நான்காம் நாள் யோகுல்சார்லோன். 1930-களின் தொடக்கம் வரை இங்கே ஏரி கிடையாது, பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. இன்று அதன் ஆழம் 240 மீட்டருக்கும் மேல். உடைந்த பனிக்கட்டிகள் கடலுக்குப் போய், அலை திருப்பி எறிய, எதிர்ப்புறக் கறுப்பு மணலில் கண்ணாடி போலக் கிடக்கும். மிதக்கும் கட்டிமேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், அது புரளும்.

படி 6: ஒரு நாளை மிச்சம் வையுங்கள்

ஐந்தாம் நாள் திரும்பி வர, நிறுத்தாமல் ஓட்டினாலே ஐந்து மணி நேரம். அன்றைக்கே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள், புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். ஒரு நாள் கூடுதலாக இருக்கட்டும். புயல் வராவிட்டால் விமான நிலையம் இருக்கும் ரெய்க்யனெஸ் தீபகற்பத்தைச் சுற்றலாம். 2021 முதல் அங்கே எரிமலை அடிக்கடி வெடிக்கிறது, 2023 நவம்பரில் கிரின்டாவிக் ஊரையே காலி செய்தார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று அன்று காலையில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். புது லாவா மேல் மட்டும் ஏற வேண்டாம். மேலே கறுத்து இறுகியிருக்கும், ஓடு உடைந்தால் உள்ளே இன்னும் நெருப்புதான்.