முதல் ஸ்லைடு வரை: ஹிஸ்டாலஜி ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

ஹிஸ்டாலஜி (திசுவியல்) ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் இரண்டு இடங்களைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்: திசுவை மெல்லிய ஏடுகளாக வெட்டும் மைக்ரோடோம், சாயமேற்றும் மேசை. பிளேடு கையைக் கிழித்துவிடுமோ, ஹெமடாக்ஸிலின் சாயம் கூடுதலாக ஏறிவிடுமோ என்ற கவலை. கையைப் பற்றிய கவலை நியாயமானது. திசுவைப் பொறுத்தவரை பயப்பட வேண்டிய இடங்களே வேறு. சாயம் சரியில்லையா, நீக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம். செக்ஷன் (வெட்டிய மெல்லிய ஏடு) கிழிந்ததா, அதே பிளாக்கில் (திசு பதிந்த மெழுகுக் கட்டியில்) இன்னொன்று எடுக்கலாம். ஆனால் ஃபார்மலின் இல்லாமல் காய்ந்துபோன திசுவை, எண் மாறிப்போன கேசட்டை (திசுத் துண்டை வைக்கும் சின்னப் பெட்டியை), அளவுக்கு மேல் சீவித் தள்ளிய பயாப்ஸியை யாராலும் மீட்டுத் தர முடியாது.

அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வியைக் கூடவே கொண்டு வாருங்கள்: இங்கே தவறினால் திரும்பி வர வழி உண்டா? வழி இல்லாத இடத்தில் மெதுவாக வேலை செய்யுங்கள். வேகம் தானாக வரும்.

படி 1: மாதிரியை வாங்குதல்

டப்பாவின் மேல் உள்ள பெயரும் எண்ணும் கூட வந்த படிவத்தோடு பொருந்துகிறதா என்று வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் கண் எதிர்பார்ப்பதையே பார்க்கும். லேபிள் டப்பாவின் உடம்பில் இருக்க வேண்டும், மூடியில் அல்ல. இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்தால் மூடிகள் இடம் மாறுவதற்கு ஒரு நொடி போதும். படிவத்தில் "இடது" என்றும் டப்பாவில் "வலது" என்றும் இருந்தால் நீங்களாகத் திருத்தாதீர்கள். அனுப்பியவரை அழைத்துக் கேளுங்கள், பேசியதைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

படி 2: ஃபார்மலின்

எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகும் படி இதுதான். எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

உடலிலிருந்து எடுத்த கணத்திலிருந்து திசு தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது. அதை நிறுத்தி, புரதங்களை இருந்த இடத்திலேயே பிணைத்து வைப்பதுதான் ஃபார்மலினின் வேலை. 1893இல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மன் மருத்துவர் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தன் விரல் தோல் கெட்டிப்படுவதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்த பழக்கத்தைத்தான் இன்றும் உலகமெங்கும் பின்பற்றுகிறோம்.

நாம் பயன்படுத்துவது 10 சதவீத நியூட்ரல் பஃபர் ஃபார்மலின். கடையில் வரும் அடர் ஃபார்மலினில் ஏறத்தாழ 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு உண்டு. அதில் ஒரு பங்கையும் பஃபர் கரைசலில் ஒன்பது பங்கையும் கலந்தால் கிடைப்பது இது. ஆக உண்மையில் இதில் இருப்பது சுமார் 4 சதவீத ஃபார்மால்டிஹைடுதான். பஃபர் சேர்க்காவிட்டால் கரைசல் அமிலமாகி, ஹீமோகுளோபினோடு சேர்ந்து பழுப்பு நிறப் படிகங்களை உண்டாக்கும். நுண்ணோக்கியில் அவை நிறமிபோல் தெரிந்து படிப்பவரைக் குழப்பும்.

அளவு: திசுவின் கன அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு. சின்ன டப்பாவில் பெரிய கட்டியைத் திணித்து, மேலே இரண்டு கரண்டி ஃபார்மலின் ஊற்றி வந்தால் உடனே பெரிய டப்பாவுக்கு மாற்றுங்கள். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், ஆழம் போகப்போக இன்னும் மெதுவாக, நுழைகிறது. முழுசாகப் போட்ட பெரிய உறுப்பின் நடுப்பகுதி இரவு முழுவதும் ஊறினாலும் பச்சையாகவே இருக்கும். அதனால்தான் பெரிய மாதிரிகளை ரொட்டித் துண்டுகள்போல் இடைவெளி விட்டு அறுத்து, இடையில் உறிஞ்சு தாள் வைத்து ஊறவிடுகிறோம்.

மார்பகப் புற்றுநோய் மாதிரியில் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளுக்கு ஃபார்மலினில் இருக்கும் நேரம் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. திசுவை எடுத்ததற்கும் ஃபார்மலினில் போட்டதற்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த இரண்டு நேரங்களையும் படிவத்தில் எழுதாமல் அனுப்பினால் கேட்டு வாங்குங்கள். அந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பது இந்தச் சோதனைகளை நம்பித்தான் முடிவாகிறது. இங்கே தவறினால் திரும்பி வர வழி இல்லை.

படி 3: கிராஸிங் மேசையில் உதவுதல்

திசுவைப் பார்த்து, அளந்து, தேவையான துண்டுகளை எடுப்பவர் பதாலஜிஸ்ட் (நோயியல் மருத்துவர்) அல்லது அதற்கெனப் பயிற்சி பெற்றவர். பக்கத்தில் நின்று கேசட்டுக்கு எண் எழுதுவது உங்கள் வேலையாக இருக்கலாம். பென்சிலால் எழுதுங்கள், அல்லது ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரையாத பேனாவால். சாதாரண மை காலையில் காணாமல் போயிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டும் திறந்திருக்கட்டும். துண்டின் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். கேசட் மூடியால் அமுக்கித்தான் மூட வேண்டியிருக்கிறது என்றால் அந்தத் துண்டு மெழுகு உள்ளே போகாமல் திரும்பி வரும்.

சின்ன பயாப்ஸிகளைத் தாளில் மடித்தோ ஸ்பாஞ்சுகளுக்கு நடுவிலோ வையுங்கள். ஒரு சொட்டு ஈயோசின் (இளஞ்சிவப்புச் சாயம்) விட்டால் மறுநாள் மெழுகில் வெளுத்த திசுவைத் தேட வேண்டியிருக்காது. எத்தனை துண்டு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை அடுத்த நாள் உங்களைக் காப்பாற்றும்.

படி 4: பிராஸஸர்

மாலையில் கேசட்டுகளை ஏற்றினால் இரவெல்லாம் இயந்திரம் வேலை செய்யும். 70 சதவீத ஆல்கஹாலில் தொடங்கிப் படிப்படியாக 100 வரை ஏறித் தண்ணீரை வெளியேற்றும். ஆல்கஹாலும் மெழுகும் கலக்காது என்பதால் நடுவில் சைலீன் வந்து ஆல்கஹாலை வெளியேற்றும். கடைசியில் 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே போகும். ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து நீர்த்துவிட்டால் திசுவின் நடுப்பகுதி குழைந்துபோய் வரும். வந்த வழியே சைலீன், ஆல்கஹால் என்று பின்னோக்கிக் கொண்டுபோய் மறுபடி பிராஸஸ் செய்யலாம். முழுசாகத் தேறாது, ஓரளவு தேறும். கரைசல்களை மாற்றும் அட்டவணையை யாரும் நினைவூட்டாமலே பின்பற்றுங்கள்.

படி 5: எம்பெடிங்

திசுவை அச்சில் வைத்து, உருகிய மெழுகை ஊற்றி பிளாக் ஆக்குவது. காலையில் முதல் வேலை இது. மற்ற பிரிவுகளில் ஆள் வருவதற்கு முன்பே ஹிஸ்டாலஜியில் விளக்கு எரிவது இதனால்தான். கேசட்டைத் திறந்ததும் துண்டுகளை எண்ணுங்கள். மூன்று என்று எழுதியிருந்து இரண்டுதான் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். மூடியின் உட்புறம், ஸ்பாஞ்சின் துளைகள், தாளின் மடிப்பு, பழைய டப்பாவின் அடி என்று எல்லாவற்றையும் பாருங்கள். கிடைக்காவிட்டால் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

எந்தப் பக்கம் அச்சின் அடியில் படுகிறதோ அந்தப் பக்கம்தான் முதலில் வெட்டுப்படும். தோலை விளிம்பில் நிற்கும்படி வைக்க வேண்டும்: மேல்தோல், கீழ்த்தோல், கொழுப்பு மூன்றும் ஒரே செக்ஷனில் வர வேண்டும். குழாய் வடிவத் திசுக்களை நிமிர்த்தி வைத்தால்தான் வட்டமான வெட்டுமுகம் தெரியும். பல துண்டுகள் இருந்தால் எல்லாம் ஒரே மட்டத்தில் படிய வேண்டும். ஒன்று மேலே தூக்கிக்கொண்டிருந்தால், அதை எட்டுவதற்குள் கீழே இருப்பது சீவப்பட்டுப் போய்விடும்.

கோணம் தவறினால் பிளாக்கை உருக்கி மறுபடி வைக்கலாம், வழி உண்டு. இடுக்கியில் ஒட்டிய ஒரு துணுக்கு அடுத்தவர் பிளாக்கில் விழுந்தால் அவ்வளவு எளிதல்ல. புற்று இல்லாதவர் ஸ்லைடில் புற்று தெரியும். ஒவ்வொரு கேசட்டுக்கும் நடுவே இடுக்கியைச் சூடாக்கித் துடையுங்கள்.

படி 6: மைக்ரோடோம்

முதலில் உங்கள் கை. பிளாக்கை மாட்டிய பிறகே பிளேடு. பிளாக்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தைப் பூட்டி, பிளேடின் மேல் காப்பை இழுத்துவிடுங்கள். எழுந்து போவதானால் பிளேடைக் கழற்றிவிட்டுப் போங்கள். கீழே விழும் பிளேடைப் பிடிக்கக் கை போகும், போகவிடாதீர்கள்.

அடுத்தது டிரிம்மிங். 10 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை வைத்து மேல் மெழுகைச் சீவி, திசுவின் முழு முகமும் தெரியும்வரை போவது. பெரிய துண்டுக்கு இது சரி. ஊசியில் எடுத்த பயாப்ஸி ஒரு மில்லிமீட்டர் தடிமனே இருக்கும். 20 மைக்ரானில் 25 சுற்று சுற்றினால் அரை மில்லிமீட்டர் போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன பயாப்ஸியை இப்படித்தான் இழந்தேன். முழு முகம் வரட்டும் என்று சுற்றிக்கொண்டே இருந்தேன், நிமிர்ந்தபோது பாதிக்கு மேல் குப்பையில் இருந்தது. மிச்சம் இருந்ததில் அறிக்கை கொடுக்க முடிந்தது. ஆனாலும் அந்த நோயாளியின் எண் இன்றும் எனக்கு மனப்பாடம். சின்ன பயாப்ஸியில் திசு தெரியத் தொடங்கியதுமே நிறுத்துங்கள். சுற்றுகளை எண்ணுங்கள்.

டிரிம் செய்த பிளாக்கைப் பனிக்கட்டித் தட்டில் முகம் கீழாக வைத்துக் குளிரவிடுங்கள். கொஞ்சம் ஈரம் ஏறினால் கெட்டியான திசுவும் இளகிக் கொடுக்கும். பிறகு 3 அல்லது 4 மைக்ரான். சிறுநீரக பயாப்ஸிக்கு 2 மைக்ரான் வரை மெல்லிசாக, அமிலாய்டு (திசுவில் படியும் ஒரு வகைப் புரதம்) தேடும் காங்கோ ரெட் சாயத்துக்கு 8 முதல் 10 மைக்ரான் வரை தடிமனாக. சக்கரத்தை ஒரே சீராக, மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் வரும் இரண்டு மூன்று செக்ஷன்களின் தடிமனை நம்ப வேண்டாம். அதன்பின் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பன் வரும்.

ரிப்பன் சரியாக வராவிட்டால் அதன் குறைகளே காரணத்தைச் சொல்லும். நெடுக்காகக் கீறல் விழுந்தால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது, அல்லது திசுவில் சுண்ணாம்போ தையல் நூலோ இருக்கிறது. பிளேடை நகர்த்தியும் கீறல் அதே இடத்தில் இருந்தால் குறை பிளாக்கில்தான். குறுக்காக அலை அலையாக வந்தால் பிளாக்கோ பிளேடோ தளர்ந்திருக்கிறது, அல்லது திசு அளவுக்கு மேல் காய்ந்திருக்கிறது. ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு என்று மாறி மாறி வந்தால் எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டு, பிளேடின் கோணத்தைப் பாருங்கள். செக்ஷன் சுருங்கி நெரிந்து வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, அல்லது பிளாக் சூடாகிவிட்டது.

ரிப்பனின் பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி வாட்டர் பாத்தில் (வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில்) மிதக்கவிடுங்கள். தண்ணீர், மெழுகு உருகும் வெப்பத்தைவிட 5 முதல் 10 டிகிரி குறைவாக இருக்கட்டும். சூடு கூடினால் செல்கள் பிரிந்து விரிந்துபோகும், குறைந்தால் சுருக்கம் பிரியாது. ஸ்லைடில் எண்ணை அந்த பிளாக்கை வெட்டும்போதே எழுதுங்கள். முன்கூட்டியே இருபது ஸ்லைடுகளுக்கு எழுதி அடுக்கி வைப்பது நேரத்தை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும், ஆட்கள் மாறிப்போவது அங்கிருந்துதான். ஒவ்வொரு பிளாக் முடிந்ததும் மெல்லிய தாளால் தண்ணீரின் மேற்பரப்பை ஒரு முறை இழுத்துத் துடையுங்கள்.

படி 7: சாயம்

ஸ்லைடை 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து மெழுகை உருக்கி, சைலீனில் இரண்டு முறை ஐந்தைந்து நிமிடம், பிறகு 100, 95, 70 சதவீத ஆல்கஹால், தண்ணீர். ஹாரிஸ் ஹெமடாக்ஸிலினில் சுமார் 5 நிமிடம். கழுவி, 1 சதவீத அமில ஆல்கஹாலில் சில நொடி முக்கி எடுத்து, மறுபடி ஓடும் தண்ணீரில் 5 நிமிடம். சிவந்திருந்தது இங்கே நீலமாக மாறும். இந்த இடத்தில் நுண்ணோக்கியில் பாருங்கள்: செல்லின் கரு தெளிவாக நீலம், பின்னணி வெளுப்பு. பிறகு ஈயோசின் ஒன்றிரண்டு நிமிடம், ஆல்கஹாலில் சட்டென்று ஏற்றி, சைலீன், கவர்ஸ்லிப் (மேலே மூடும் மெல்லிய கண்ணாடி). நீர்த்த ஆல்கஹாலில் தாமதித்தால் ஈயோசின் வெளுத்துப்போகும். பிடிக்கவில்லையா, சைலீனில் ஊறவைத்துக் கவர்ஸ்லிப்பைக் கழற்றி, சாயத்தை நீக்கி முதலிலிருந்து செய்யலாம்.

உடம்பைக் கவனியுங்கள்

ஃபார்மால்டிஹைடை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வாசனை வந்தால் "பழகிவிடும்" என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். காற்றை இழுக்கும் வசதி ஓடுகிறதா என்று பாருங்கள். சைலீன் பட்ட கையுறையை உடனே மாற்றுங்கள். நாள் முழுக்கச் சக்கரம் சுற்றும் தோளும் மணிக்கட்டும் சில வருடங்களில் வலிக்கத் தொடங்கும். நாற்காலி உயரத்தை இன்றே சரிசெய்து, இடையிடையே எழுந்து நடங்கள்.

இந்த வேலை எங்கே கொண்டுபோகும்

மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் பட்டயமோ பட்டமோ வழக்கமான நுழைவாயில். சான்றிதழ் முறை நாட்டுக்கு நாடு மாறும்: பிரிட்டனில் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே சட்டப்படியான பதிவு தேவை, அமெரிக்காவில் ஹிஸ்டோடெக்னீஷியன், ஹிஸ்டோடெக்னாலஜிஸ்ட் என்று இரண்டு நிலைகளில் தேர்வு உண்டு. வேலையில் சேர்ந்தபின் பாதைகள் பிரியும். பொறுமையும் கணக்கும் பிடித்தவர்கள் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரிக்கு (திசுவில் உள்ள குறிப்பிட்ட புரதங்களை ஆன்டிபாடி கொண்டு காட்டும் முறைக்கு)ப் போகிறார்கள். அங்கே கன்ட்ரோல் ஸ்லைடு (முடிவு முன்பே தெரிந்த ஸ்லைடு) இல்லாமல் எந்த முடிவுக்கும் மதிப்பில்லை. அவசரத்தில் கை நடுங்காதவர்களுக்கு ஃப்ரோஸன் செக்ஷன்: அறுவை மேசையில் நோயாளி இருக்கும்போதே மைனஸ் 20 டிகிரி கிரையோஸ்டாட்டில் (குளிர்ப்பெட்டிக்குள் உள்ள மைக்ரோடோமில்) வெட்டி, சுமார் 20 நிமிடத்தில் பதில். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வைரக் கத்தியில் நானோமீட்டர் கணக்கில் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். கால்நடை நோயியல், மருந்துப் பாதுகாப்பு ஆய்வு, ஸ்லைடுகளை ஸ்கேன் செய்யும் டிஜிட்டல் பதாலஜி, தரக் கட்டுப்பாடு, கற்பித்தல் என்று இன்னும் உண்டு. எதற்குப் போனாலும் நல்ல செக்ஷன் வெட்டத் தெரிந்தவருக்கு மரியாதை தனி. முதல் வருடத்தில் வேறு எதையும் விட மைக்ரோடோமில் அதிக நேரம் உட்காருங்கள் என்பதே என் யோசனை.

முதல் வாரத்தில் பயிற்சிக்கென ஒதுக்கிய பிளாக்குகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நோட்டில் தேதி, பிளாக், வந்த குறை, செய்த மாற்றம் ஆகியவற்றை எழுதுங்கள். வரிசையாகப் பத்து ஸ்லைடில் மடிப்பும் கீறலும் இல்லாமல் ஒரே தடிமன் வந்த நாளில், அவற்றை மூத்தவரிடம் காட்டி, பெரிய துண்டு உள்ள பிளாக் ஒன்றை முதலில் கேளுங்கள். ஊசி பயாப்ஸி கடைசியில் வரட்டும்.