மிராஸ்கில்: கை வேகம் இல்லாதவர்களுக்கும் கைவரும் முதல் சீட்டு வித்தை

ஸ்டூவர்ட் ஜேம்ஸின் வித்தைகளைத் தொகுத்து 1989இல் வந்த புத்தகம் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்ததுதான் நான் செய்த தவறு. ஆறு மாதம் படித்தேன். நாலு பேர் முன்னால் உட்கார்ந்து செய்துகாட்டும்படி ஒரு வித்தைகூடக் கைவசம் வரவில்லை. பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரே ஒரு வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க அதையே செய்தேன். அந்த வித்தை மிராஸ்கில். சீட்டு வித்தையும் மனத்தைப் படிக்கும் வித்தையும் சேர்ந்தே கற்க நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

ஜேம்ஸ் (1908–1996) கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் இருக்கும் கோர்ட்ரைட் என்ற சிற்றூர்க்காரர். பிழைப்புக்குத் தபால் பட்டுவாடா. மற்ற நேரமெல்லாம் புதுப் புது வித்தைகளை யோசித்து, வித்தைக்காரர்கள் படிக்கும் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். மனத்தைப் படிக்கும் வித்தையில் பெரிய பெயரான தியடோர் அனெமன், 1934இல் தொடங்கிய ‘தி ஜிங்க்ஸ்’ இதழின் 24ஆவது எண்ணில், 1936இல், மிராஸ்கில்லை வெளியிட்டார். சிதறிக் கிடந்த எழுத்துகளைப் பின்னாளில் தேடித் திரட்டியவர் ஆலன் ஸ்லேட். அந்த உழைப்பு இல்லாவிட்டால் இவற்றில் பாதி நம் கைக்கு வந்திருக்காது.

பார்க்கிறவருக்கு என்ன தெரிகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிரே இருப்பவர் சிவப்பு, கறுப்பு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். நீங்கள் ஒரு தாளில் ஏதோ எழுதி மடித்துத் தம்ளருக்கு அடியில் வைக்கிறீர்கள். அவரே சீட்டைக் கலைக்கிறார், அவரே இரண்டிரண்டாக எடுத்துத் திருப்பிப் போடுகிறார். இரண்டும் சிவப்பு என்றால் சிவப்புக்காரருக்கு. இரண்டும் கறுப்பு என்றால் கறுப்புக்காரருக்கு. ஒன்று சிவப்பு ஒன்று கறுப்பாக வந்தால் யாருக்கும் இல்லை, நடுவில் போகும். கட்டு தீர்ந்ததும் அவரவர் சீட்டை எண்ணுகிறீர்கள். அவருக்கு உங்களைவிட 4 சீட்டு அதிகம். தாளைப் பிரித்தால் அதுவே எழுதியிருக்கிறது. இன்னொரு முறை கலைத்துப் போடுகிறார். இந்த முறை இருவருக்கும் சமம். அதையும் நீங்கள் முன்பே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

எப்படி நடக்கிறது

முழுக் கட்டில் 26 சிவப்பு, 26 கறுப்பு. கலப்பு ஜோடி ஒவ்வொன்றும் ஒரு சிவப்பையும் ஒரு கறுப்பையும் கூட்டிக்கொண்டு வெளியே போகிறது. ஆகவே எத்தனை கலப்பு ஜோடி வந்தாலும் மிச்சமிருக்கும் சிவப்பும் கறுப்பும் சமமாகத்தான் இருக்கும். எப்படிக் கலைத்தாலும் இது மாறாது.

இப்போது யாருக்கும் தெரியாமல் 4 சிவப்புச் சீட்டை எடுத்துவிடுங்கள். 22 சிவப்பு, 26 கறுப்பு, மொத்தம் 24 ஜோடி. அதில் 12 கலப்பு ஜோடி வந்தது என்று வையுங்கள்: சிவப்பில் 10, கறுப்பில் 14. கலப்பு 8 ஆக இருந்தால் சிவப்பில் 14, கறுப்பில் 18. வித்தியாசம் எப்போதும் 4. அவ்வளவுதான் ரகசியம். இதைப் படித்ததும் “இவ்வளவுதானா” என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து ஒரு கட்டை எடுத்து நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். கணக்கு தெரிந்த பிறகும், நன்றாகக் கலைத்த கட்டு அந்த 4இல் வந்து நிற்கும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

கட்டும் பெட்டியும்

அட்டைப் பெட்டியில் வரும் காகிதச் சீட்டு வாங்குங்கள். பைசைக்கிள் என்ற பிராண்டுச் சீட்டு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டே போதும். முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன சீட்டு வேண்டவே வேண்டாம். வழுக்கிக்கொண்டு ஓடும், இரண்டு எடுத்தால் மூன்று வரும். ஒளி ஊடுருவும் பெட்டியும் உதவாது, ஏனென்றால் இந்த வித்தையின் உயிர் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

எடுத்துவைக்கும் 4 சிவப்பில் ஆர்ட்டினும் டைமனும் கலந்திருக்கட்டும். ஏஸ், ராஜா, ராணி வேண்டாம். அவை காணாமல் போனால் ரம்மி ஆடிப் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். 4, 6, 7, 9 போன்ற யாரும் நினைவில் வைக்காத சீட்டுகளாக எடுங்கள். அவற்றைப் பெட்டிக்குள் வைத்து, மேலே இரண்டு ஜோக்கரையும் வையுங்கள். ஜோக்கர்கள் பெட்டியின் அரைவட்ட வெட்டு இருக்கும் பக்கம் இருக்க வேண்டும். பெட்டியை யாராவது தூக்கினால் உள்ளே சீட்டு ஆடும் ஓசை கேட்கும். “ஜோக்கர்கள் இருக்கின்றன” என்று உண்மையையே சொல்லிவிடலாம். திறந்து பார்த்தாலும் கண்ணில் படுவது ஜோக்கர்தான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, செய்து செய்து வந்தது. வெட்டு இருக்கும் பக்கம் மேசையைப் பார்த்து இருக்கும்படி பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

இன்னொரு தாளில் “இரண்டாவது முறை: இருவருக்கும் சமம்” என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, ஆரம்பத்திலேயே மேசையில் வைத்துவிடுங்கள். அது என்ன என்று யாராவது கேட்டால் “பிறகு சொல்கிறேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று

நிறத்தைக் கேளுங்கள். சொன்ன பிறகு, “மாற்றிக்கொள்ள வேண்டுமா?” என்று ஒரு முறை கேளுங்கள். அவர் உறுதியாகச் சொன்ன பிறகே எழுத வேண்டும். 4 சிவப்பு வெளியே இருப்பதால், அவர் கறுப்பு என்றால்: “உங்களுக்கு என்னைவிட 4 சீட்டு அதிகம் இருக்கும்.” அவர் சிவப்பு என்றால்: “எனக்கு உங்களைவிட 4 சீட்டு அதிகம் இருக்கும்.” எழுதி மடித்து வைத்த பிறகுதான் அவர் கலைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எழுதிய பிறகு கலைத்தது அவர் கை என்பதுதான் பின்னால் அவர் தூக்கத்தைக் கெடுக்கப்போகிற விஷயம்.

“4 சீட்டு” என்று எழுதுங்கள், “2 ஜோடி” என்று எழுதாதீர்கள். எண்ணும்போது சிலர் ஜோடியாகவும் சிலர் ஒற்றையாகவும் எண்ணுவார்கள். தாளில் சீட்டு என்று இருந்தால் குழப்பம் வராது.

இதற்குப் பிறகு கட்டைத் தொடாதீர்கள். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதுதான் கடினம். கை சும்மா இருக்காது, உதவி செய்யப் போகும். நீங்கள் ஒரு சீட்டை நேராக்கினால்கூட, வீட்டுக்குப் போகும் வழியில் அவர் அதை நினைத்துப் பார்த்து “அப்போதுதான் ஏதோ செய்தான்” என்று முடிவு கட்டிவிடுவார். கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கவிழ்த்த இடம்: நடுக் குவியல்

ஒரு கல்யாண வீட்டில், முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, மாமாவுக்கு இதைச் செய்துகாட்டினேன். அவர் வேகமாகப் போட்டார். கலப்பு ஜோடிகளை நான் வாங்கி நடுவில் கவிழ்த்துக் கவிழ்த்து அடுக்கினேன். எண்ணினோம். எனக்கு 8, அவருக்கு 14. தாளில் 4 என்று இருக்கிறது, வித்தியாசமோ 6. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். அன்று இரவு தூங்காமல் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: ஒரு சிவப்பு ஜோடி தவறுதலாக நடுவில் போயிருக்கிறது. குவியல் கவிழ்ந்து இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான்கு விஷயங்களை விடாமல் செய்கிறேன். நடுக் குவியல் எப்போதும் முகம் மேலே இருக்கும். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு சீட்டும் தெரியும்படி சற்று விரித்துப் போடச் சொல்கிறேன். போடுகிறவர் ஒவ்வொரு முறையும் “சிவப்பு”, “கறுப்பு”, “கலப்பு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதனால் வேகம் தானாகக் குறையும், பார்க்கிறவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். நான்காவது, ஒரு சோதனை. சிவப்பும் கறுப்பும் ஜோடி ஜோடியாகவே சேர்வதால் கலப்பு ஜோடிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். அதாவது நடுக் குவியலின் சீட்டு எண்ணிக்கை 4ஆல் வகுபட வேண்டும். அன்று மாமாவின் நடுவில் இருந்தது 26. அதை எண்ணியிருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம்.

இப்போதெல்லாம் தாளைத் திறக்கும் முன் நடுக் குவியலை அவரையே எண்ணச் சொல்கிறேன். 4ஆல் வகுபட்டால் தாளைத் திறக்கிறேன். இல்லையென்றால், “ஏதோ ஒரு ஜோடி இடம் மாறியிருக்கிறது, பாருங்கள்” என்கிறேன். அவரே தேடிக் கண்டுபிடித்துச் சரியான இடத்தில் வைக்கிறார். அதற்குப் பிறகு தாளைத் திறக்கும்போது கிடைக்கும் திகைப்பு, பிழை இல்லாமல் நடந்தபோது கிடைப்பதைவிடப் பெரிது. கடைசியில் ஒற்றைச் சீட்டு மிஞ்சினால் எங்கோ மூன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். அதையும் விரித்துப் போட்டிருந்தால் பார்த்துவிடலாம்.

இரண்டாவது சுற்று

தாளைப் படித்ததும் எல்லாச் சீட்டையும் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுங்கள். வித்தை முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைக்க வேண்டும்; நீங்களும் அப்படியே சாய்ந்து உட்காருங்கள். பேச்சு நடக்கட்டும். அவர்கள் “இன்னொரு முறை” என்று கேட்டாலோ, கேட்காவிட்டாலோ, கவரைக் காட்டி “இது அடுத்த முறைக்கு எழுதியது” என்று சொல்லுங்கள். பெட்டியிலிருந்து மொத்தத்தையும் எடுங்கள், ஜோக்கர் இரண்டையும் எல்லோரும் பார்க்க எடுத்துப் போடுங்கள், கட்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த 4 சிவப்பும் எந்தக் கை வித்தையும் இல்லாமல் வீடு திரும்பிவிட்டன. இந்த முறை நிறத்தை மாற்றிக்கொள்ளவும் சொல்லலாம், எதுவானாலும் சமம்தான்.

சமத்தை முதலில் வைத்து 4ஐ இரண்டாவதாக வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். இரண்டாவது சுற்று முடிந்ததும் யாராவது கண்டிப்பாகக் கட்டை எண்ணுவார்கள். அப்போது 52 இருக்க வேண்டும்.

மூன்றாவது முறை செய்யவே கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும்.

பின்சேர்க்கை 1: இரண்டு முறையும் வித்தியாசம் 2 தான் வந்தது, 4ஆல் வகுக்கும் சோதனையும் பொய்த்தது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கட்டில் 52 சீட்டு சரியாக இருக்கிறதாம். சிவப்பை மட்டும் எண்ணிப் பாருங்கள் என்றேன், 27 இருந்தது. ரம்மிக்காக இரண்டு கட்டுகளைச் சேர்த்து ஆடும் வீடுகளில், பிரிக்கும்போது ஒரு டைமனுக்குப் பதில் ஒரு இஸ்பேட் பக்கத்துக் கட்டுக்குப் போய்விடும். அடுத்தவர் கட்டில் செய்வதற்கு முன் மொத்தத்தை எண்ணுவது போதாது, நிறத்தை எண்ணுங்கள். 26, 26 என்று இருந்தால்தான் தொடங்கலாம்.

பின்சேர்க்கை 2: இரண்டு கட்டையும் சேர்த்து 104 சீட்டில் செய்யலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கணக்கு அப்படியே நிற்கும், வித்தியாசம் 4 தான். ஆனால் 50 ஜோடி போட்டு முடிப்பதற்குள் பார்க்கிறவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள். 26 ஜோடியே என் கணக்கில் உச்ச வரம்பு.

பின்சேர்க்கை 3: அடுத்து எதைக் கற்கலாம் என்ற கேள்விக்கு: பால் கரி 1942இல் வெளியிட்ட ‘அவுட் ஆஃப் திஸ் வேர்ல்டு’. பார்க்கிறவர் சீட்டின் முகத்தைப் பார்க்காமலே சிவப்பையும் கறுப்பையும் பிரித்து வைக்கும் வித்தை அது. ஆனால் மிராஸ்கில்லோடு ஒரே இரவில் செய்யாதீர்கள். இரண்டும் நிறத்தை வைத்தே நடப்பதால், ஒன்றின் ரகசியத்தை ஊகிக்க முயல்கிறவர் இன்னொன்றின் பக்கமும் பார்வையைத் திருப்புவார். நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள்.